கால் பம்பும் ஐரிஷ் பேக்பைப்பும்

போன கிழமை முழங்கால் வலி தாங்காமல் கிளினிக்குக்குப் போனேன். பிள்ளை வயது டொக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலது முழங்கால் மட்டும் கனக்கத் தேஞ்சிருக்கு அம்மா, தையல் மெசின் மிதிச்ச நீங்களா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வெளியில் அரைவாசிச் சனம் இன்னும் நம்பரோடு காத்திருந்தது, எனக்கும் களைப்பு. "பேக்பைப்புக்குக் காற்றடிச்சுத் தேஞ்சது டொக்டர்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் தலைக்குப் பார்க்கிற கிளினிக்குக்கு அனுப்பியிருப்பார்.

உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் நம்பர் எடுத்துக்கொண்டு வரவில்லை.

எக்ஸ்ரேத் தாளின் வாசம் சூடான போட்டோக்கொப்பித் தாளின் வாசத்துக்குக் கிட்ட வரும். அது மூக்கில் ஏறினால் நான் நேரே செங்கலடிச் சந்திக்குத்தான் போவேன். நான் முதன்முதல் சம்பளம் வாங்கிய கொமியுனிகேஷன் கடை அங்கேதான் இருந்தது. சண்டை முடிந்த புதிது. முன்னுக்குப் போட்டோக்கொப்பி மெசின், பின்னுக்குப் பலகை மறைப்புக்குள் நாலு கம்பியூட்டர். வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள் நோட்ஸ் அடிக்க வந்து, காதல் கடிதமும் அடித்துக்கொண்டு போவார்கள். நானும் ஏறாவூர் நஸீராவும் வேலை. ஒரு ஃபேன் இருந்தது, அது முதலாளி பக்கம் மட்டும் சுற்றும். அந்த வெக்கையில் நின்று நின்றே எங்கள் இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது என்று நஸீரா சொல்லுவாள்.

பின்னேரம் கடை பூட்டும் நேரம் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வருவார். துணை என்று பேர். உண்மையில் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

அண்ணன் எங்கள் அந்தோனியார் கோயில் பாண்டில் கிளாரினட் வாசித்தவர். திருவிழா, கலியாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னுக்கு. நல்ல வாசிப்பு. தங்கச்சி சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள், வீட்டில் பழகும்போது நான் காதைப் பொத்திக்கொண்டு திட்டியவள்தான். பிறகு நெஞ்சு வருத்தம் வந்தது. மாதக்கணக்கில் ஆசுபத்திரி. காசம் ஒரு பக்கத்து நுரையீரலைத் தின்று முடித்துவிட்டது. "உயிர் வேணுமெண்டா ஊதுறத மறந்திருங்க" என்று சொல்லி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளாரினட்டைத் துடைத்துப் பாண்டுக்கே கொடுத்தார். அதோடு திருவிழாவுக்குப் போவதையும் விட்டார். கோயிலில் பாண்டு தொடங்கும் நேரம் பார்த்துத் தூண்டிலை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போய், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஒரு மீனும் கொண்டு வந்ததில்லை. அம்மா சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அழுவா. "ஒருக்கா, ஒரே ஒருக்கா அவனுகளோட சேர்ந்து வாசிச்சிட்டனெண்டா போதும் புள்ள" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கடையில் ஆள் இல்லாத கம்பியூட்டரில் அண்ணன் வீடியோ பார்ப்பார். ஒருநாள் மறைப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன். கதிரையில் இருந்துகொண்டு ஒரு பையை இடது அக்குளில் இடுக்கி, வலது முழங்கையால் சின்னத் துருத்தி ஒன்றை அமத்தி அமத்தி, மடியில் வைத்த குழலை வாசிக்கிறான். வாசித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவனோடு கதைத்துச் சிரிக்கிறான்.

"வாயப் பாரு புள்ள! வாய் சும்மா இரிக்கி!" என்று அண்ணன் கத்தினார்.

நஸீரா பயந்துபோய் முதலாளியைப் பார்த்தாள். எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. மூச்சு வாயிலிருந்து போகவில்லை, முழங்கையிலிருந்து போகிறது. நெஞ்சு இல்லாதவனும் வாசிக்கலாம்.

அது ஐரிஷ் பேக்பைப். அன்று முதல் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. நானும் கம்பியூட்டரில் தேடு தேடு என்று தேடினேன். அயர்லாந்தில் கையால் செய்பவர்கள் கேட்ட விலைக்கு எங்கள் வளவை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அண்ணனுக்கு அவ்வளவு வருடம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நஸீராதான் வழி சொன்னாள். அவளுடைய மாப்பிள்ளை அன்வர் சார்ஜாவில் வேலை. "அங்க பாகிஸ்தான் காரன்ட கடையில மலிவாக் கிடைக்குமாம் புள்ள. இவர் லீவுல வரக்குள்ள கொண்டாரட்டும்" என்றாள். நான் போனை வாங்கி அன்வரிடம் மூன்று தரம் சொன்னேன், ஐரிஷ், ஐரிஷ், ஸ்கொட்லாந்து இல்லை என்று. பாருங்கள், முழங்கைத் துருத்தியைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஐரிஷ் என்றாலே அதுதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்வர் வந்திறங்கிய மறுநாளே நஸீராவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பெட்டிப் பாரம் கூடிவிட்டதாம், நஸீராவுக்கு வாங்கிய கிரைண்டரை அங்கேயே விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்திருக்கிறார். பெட்டியின் மேல் பெரிதாக 'ஐரிஷ்' என்று எழுதியிருந்தது. திறந்தோம். பச்சை வெல்வெட் உறை போட்ட பை, கறுப்புக் குழல்கள், பட்டுக் குஞ்சம். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா மனே இது, ஆட்டுக்குட்டிய அக்குளுக்க வச்ச மாதிரி" என்றா. எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் பெட்டியின் அடியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

துருத்தி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குழாய் இருந்தது, வாயில் வைத்து ஊதுவதற்கு. அயர்லாந்தில் ஊர்வலத்தில் வாயால் ஊதுகிற பேக்பைப் சாதியும் ஒன்று இருக்கிறதாம். அதுவும் ஐரிஷ்தான். கடைக்காரனும் பொய் சொல்லவில்லை, அன்வரும் பிழை விடவில்லை.

அண்ணன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவரோ, "நல்ல சாமான். பெரிய உபகாரம் தம்பி" என்கிறார். அன்வர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஒருக்கா ஊதிக் காட்டுங்களன் அண்ண, எவ்வளவு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்திரிக்கன்" என்றார். ஆசையோடு கேட்டார். அண்ணனுடைய நெஞ்சைப் பற்றி நஸீராவுக்குத் தெரியும், அன்வருக்குத் தெரியாது. நஸீரா வாய் திறக்கப் போனாள். அண்ணன் கண்ணால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, குழாயை வாயில் வைத்தார்.

வீட்டுக்கு வந்த மனிதரை வெறும் முகத்தோடு அனுப்பக்கூடாதாம். எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கத்தால் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று யாராவது எழுதவேண்டும். பை அரைவாசி நிரம்பி, கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அன்வர் கைதட்டினார். அண்ணன் இருமத் தொடங்கினார். "பழகப் பழகச் சரிவரும்" என்று தேற்றிவிட்டு அன்வர் சந்தோஷமாகப் போனார். அவர்கள் படலையைத் தாண்டியதும் அண்ணன் பாயில் விழுந்தவர்தான், இரண்டு நாள் எழும்பவில்லை.

"உங்களுக்கென்ன விசரா?" என்று கத்தினேன்.

"அந்த மனிசனுக்குச் சொல்லிப்போடாத" என்றார், அவ்வளவுதான். இன்று வரைக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எழும்பி, ஊதுகுழாயைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் ஒரு தோல் மூடி. உள்ளே போன காற்றை வெளியே விடாது. "காத்து யார்ட எண்டு இதுக்குத் தெரியவா போகுது?" என்றார். எழும்பிப்போய் அறை மூலையில் கிடந்த கால் பம்பை எடுத்து வந்தார். வெள்ளத்துக்கு நிவாரணமாக வந்த காற்று மெத்தையோடு வந்த பம்ப் அது. மெத்தை முதல் வருடமே ஓட்டையாகிவிட்டது. சைக்கிள் டியூப் துண்டொன்றை வெட்டி, பம்பின் வாயையும் ஊதுகுழாயையும் கட்டிப் பொருத்தினார்.

"எங்க, மிதி பாப்பம்."

மிதித்தேன். அன்று தொடங்கிய மிதி. நான் காற்றடிக்க, அண்ணன் பையை அமத்திக்கொண்டு வாசிப்பார். தினமும் மாலை ஐந்து மணிக்கு, வேலையால் வந்து முகம் கழுவக்கூட நேரம் இல்லாமல், வாவிக்கரையில் இருக்க ஒரு வாங்கைப் போட்டுக்கொண்டு தொடங்குவோம். வீட்டுக்குள் வாசித்தால் ஓடு கழன்றுவிடும். பின்னால் முனகுகிற மூன்று குழல்களில் இரண்டை மருந்துப் போத்தல் மூடியால் அடைத்தோம், இல்லாவிட்டால் என் கால் ஈடுகொடுக்காது. தோணிக்காரர்கள் கரையைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரிப்பார்கள். வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியதும் குழலுக்குள் இருக்கிற நாணல் ரீட் காய்ந்து வெடிக்கப் பார்க்கும், அண்ணன் நாக்கில் நனைத்து நனைத்து வைப்பார். நான் மெதுவாக மிதித்தால் பாட்டு அழும், வேகமாக மிதித்தால் கீச்சிடும். "நீ என்ன நினைச்சிட்டு மிதிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியுது" என்பார். நான் நினைத்ததெல்லாம் எப்போது படுக்கலாம் என்பதுதான்.

அந்த வருடத் திருவிழாவுக்குப் பாதர் சம்மதித்தார். நடந்து வாசிக்க முடியாது, ஆகவே அந்தோனியார் சுரூபம் ஏற்றிய ட்ரக்டர் பெட்டியிலேயே அண்ணனுக்குக் கதிரை. என்னை அந்தோனியாரின் பீடத்துக்குக் கீழே, வெள்ளைச் சீலைத் தொங்கலுக்குள் ஒளித்துவிட்டார்கள். மெழுகுதிரிப் புகை, டீசல் புகை, வியர்வை. பெட்டிக்குப் பின்னால் அண்ணனின் பழைய கூட்டாளிகள் டிரம்மோடும் ட்ரம்பெட்டோடும் நின்றார்கள். அண்ணன் தொடங்கினார். ஒரு வரி தனியாகப் போனது. இரண்டாவது வரியில் பாண்டு முழுவதும் சேர்ந்தது.

சந்தியில் ட்ரக்டர் குலுங்கியதில் டியூப் கழன்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "விடாத புள்ள, விடாத!" என்று மேலிருந்து குரல். பையில் மிச்சமிருந்த காற்றை அமத்தி அமத்தி அண்ணன் பாட்டை இழுத்துப் பிடிக்க, நான் டியூபைத் தேடி மாட்டி, கையால் இறுக்கிப் பிடித்தபடி மிதித்தேன். பாட்டு அறுபடவில்லை. ஊர்வலம் முடிந்து சீலைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது கூட்டாளிகள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். குழந்தைப் பிள்ளைபோல அழுகிறார், சிரிக்கிறார். என் கால் நடுங்கி நிற்க முடியவில்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிறகு வந்ததில்லை, என் கலியாணத்தில்கூட.

அண்ணனுக்கு நெஞ்சு சுகமாகிவிட்டது, அந்தோனியார் புதுமை செய்துவிட்டார் என்று ஊருக்குள் ஒரே கதை. அம்மாவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினா.

அதற்குப் பிறகு நாலு திருவிழா வாசித்தோம். நான் கலியாணம் முடித்துக் குருக்கள்மடத்துக்குப் போனபிறகும், திருவிழா மாதம் பின்னேரங்களில் பஸ் பிடித்து வந்து மிதித்துவிட்டுப் போவேன். பிறகு என் மனுசன் கட்டாரில் உழைத்துக் கொஞ்சம் கையில் காசு சேர்ந்தபோது, அண்ணனிடம் சொன்னேன், இப்போது அந்த உண்மையான முழங்கைப் பேக்பைப்பையே வாங்கலாம், பழைய செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு ஆருடைய உதவியும் தேவைப்படாது என்று.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அது எனக்கென்னத்துக்கு? அது வந்தா மறுகா பின்னேரத்துல நீ என்ன செய்யப்போறாய்?"

நான் சிரித்தேன். எத்தனையோ வேலை கிடக்கிறது, நீங்கள் அந்தக் கவலையை விடுங்கள் என்று சொன்னேன். அவர் கடைசிவரை வாங்க விடவில்லை.

அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. பாண்டும் கலைந்துவிட்டது. இப்போது திருவிழாவுக்கு லொறியில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள், யாரும் எதையும் மிதிக்கவேண்டியதில்லை. ஐந்து மணி ஆனால் சமைத்து முடித்து, வீடு கூட்டி, முகமும் கழுவி வாசலில் வந்து இருக்கிறேன். அதற்குப் பிறகு செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.