அப்பா தறியில் உட்கார்ந்தால் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அது உதிரியாக வந்தது. முதலில் வெறும் இரும்புப் பெட்டி வந்தது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஏமாற்றிவிட்டார்களே என்று வருத்தப்பட்டாள். அப்புறம் மதர்போர்டு, அதற்கப்புறம் மற்றதெல்லாம். அத்தை சென்னைக்கு பஸ் பிடித்துப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். ரெடிமேடாக வாங்கினால் கட்டுப்படியாகாது, நானே பூட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா நம்பவில்லை. அம்மா நம்பினாள். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதத்தில் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவார். அப்படி ஆடிக்கு வந்த அத்தை, ஆவணி பிறந்தும் போகவில்லை. புரட்டாசியும் வந்துவிட்டது. அத்தைக்கு ரொம்ப நாள் லீவு கிடைத்திருக்கிறது என்று எனக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் வந்தால் பேச்சு சட்டென்று காய்கறி விலைக்குப் போய்விடும். மாமா கை ஓங்குகிறவர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அத்தை கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடக் கற்றிருந்தாள். அப்பாவுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி, கல்யாணச் சேலைக்கு ஒரு பார்டர் போட்டுக் காட்டட்டும், பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். மாமா வீட்டிலிருந்தோ, அமாவாசைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறோம் என்று தகவல் வந்திருந்தது. அப்பா இரண்டு பக்கமும் சாயாமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மொதல்ல அந்த டிசைன முழுசா முடிச்சி முதலாளி கையில குடும்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

ஆக, கையில் ஒரு வேலை இருந்தால் அத்தை இங்கேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டால், இங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள் என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல எங்களிடம் பதில் கிடையாது. எல்லாம் அந்தப் பெட்டியை நம்பி இருந்தது.

கம்ப்யூட்டரைப் பூட்டிய நாள் எனக்குத் திருவிழாதான். சமையலறைத் தரையில் பலகை போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். ஒவ்வொரு பாகத்தைத் தொடுவதற்கு முன்பும் அத்தை ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டாள். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்குவதற்காம். நான் அதையெல்லாம் கேட்டுக்கொள்ளாமல், நானும் ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடைசியில் பட்டனை அழுத்தினதும் விசிறி சுற்றி, திரையில் எழுத்து வந்தபோது நான் கத்திய கத்தலில், தறியில் இருந்த அப்பா இழை ஓட்டும் நாடாவைத் தவறவிட்டார். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேஜை போட இடம் இருந்தது தறிக் கூடத்தில்தான். எங்களுடையது குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். அவருக்குப் பக்கத்திலேயே, பெட்டியின் முதுகு தறியைப் பார்த்து இருக்கும்படி கம்ப்யூட்டரை வைத்தோம். பின்பக்கம் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அப்பா எழுந்து வழிவிட வேண்டும்.

மறுநாள் அத்தை பார்டரில் பாதி அன்னப்பட்சி போட்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. கழுத்து வளையும் இடத்துக்கு வந்தபோது திரை சட்டென்று அணைந்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கம்ப்யூட்டர் மட்டும் போய்விட்டது. பட்டனை அழுத்தினால் உயிர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் வந்தது. அன்னப்பட்சிதான் வரவில்லை.

அதிலிருந்து அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அணைய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில், ஒருநாள் சாயங்காலம். சிலசமயம் நன்றாக ஓடும், இனி சரியாகிவிட்டது என்று நாங்கள் பெருமூச்சு விடும்போது அணையும். அத்தைக்கு முகம் வாடிப்போகும். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குள் ஒரு திருடன் ஒளிந்திருப்பதுபோல ஒரே பரபரப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து, "இன்னிக்கு நின்னுச்சா அத்தை?" என்றுதான் கேட்பேன்.

அத்தை விடவில்லை. ராம் என்ற பச்சைப் பட்டையைக் கழற்றி, என் பென்சில் ரப்பரால் அதன் பித்தளை முனைகளைத் தேய்த்து மறுபடி சொருகினாள். அதைத் தேய்த்த ரப்பரை அப்புறம் நான் யாருக்கும் இரவல் தரவில்லை. அடுத்து, கரண்ட் கொடுக்கும் பெட்டியில் கோளாறு என்று தன்னோடு படித்த தோழியிடமிருந்து வேறொன்று வாங்கி மாட்டினாள். அதற்கும் நின்றது. வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். அதற்கும் நின்றது. அம்மா தன் பங்குக்குக் கண்ணேறு என்று முடிவு செய்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவைத்தான் சந்தேகப்பட்டாள்.

நடுவில் அப்பா மாகறலில் ஒரு கருமாதிக்குப் போனார். அன்று நாள் முழுக்க கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. அவர் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்த மறுநாள் மறுபடி நின்றது. அத்தைதான் அதைக் கவனித்தாள். பிடித்துவிட்டோம் கண்ணு, தறி அடிக்கிற அதிர்வில் உள்ளே எதுவோ ஆடுகிறது என்றாள். அன்று சாயங்காலமே பழைய சைக்கிள் டியூபை வெட்டி மேஜைக் கால்களுக்குக் கீழே மடித்து வைத்தோம். தண்ணீர் நிரப்பிய டம்ளரை மேஜைமேல் வைத்து அலை வருகிறதா என்று நான் பார்த்தேன். அலையே இல்லை. ஆனந்தமாக இருந்தது. அப்பா நெய்தார். டம்ளர் அசையாமல் இருக்க, கம்ப்யூட்டர் அணைந்தது.

சூடாக இருக்குமோ என்றும் அத்தை பார்க்காமல் இல்லை. அப்பா சாப்பிட எழுந்ததும் பின்பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தாள். விசிறி நன்றாகச் சுற்றிக் காற்று முகத்தில் அடித்தது. அதனால் சூடு இல்லை என்று தள்ளிவிட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்குப் பசிக்கிறது என்று நினைத்து நான் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா தறியிலிருந்து எழுந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடியில் போடச் சொல்லி என்மேல் எறிந்தார். அது என் கழுத்தில் விழுந்தது. அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த யூனிபார்ம் மாதிரி சுட்டது.

"அப்பா துண்டு சுடுது அத்தை" என்றேன்.

அத்தை திரும்பினாள். துண்டை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தோளில் போட்டிருந்த துண்டு ஏன் இப்படிச் சுடுகிறது என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சாதாரணமாக, தோளில் எங்கே போட்டேன், அந்தப் பெட்டியின் ஓட்டையில் அல்லவா அடைத்து வைத்திருந்தேன் என்றார்.

பட்டுத்தறி இருக்கும் கூடத்தில் காற்று ஆகாது. அதனால்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனே கிடையாது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் காற்றுப் பட்டால் பட்டிழை காய்ந்து பட்பட்டென்று அறும். பெட்டியின் பின்னாலிருந்து சுடச்சுட வந்த காற்று நேராகப் பாவில் அடித்திருக்கிறது. அப்பா தறியில் உட்காரும்போதெல்லாம் துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்துவிடுவார். எழும்போது எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். நாங்கள் போய்ப் பார்க்கும்போது துண்டு தோளில் இருக்கும், காற்று ஜோராக வரும். மூக்கையும் வாயையும் பொத்தினால் யார்தான் உயிரோடு இருப்பார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டிருந்தால் எடுத்திருப்பேனே என்றார் அப்பா.

நான் குதித்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது நான் அல்லவா. பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்துக்கு வேலையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி அந்த அக்காவிடம் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அத்தை என்னோடு சேர்ந்து குதிப்பாள் என்று பார்த்தால், துண்டைக் கையில் பிடித்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் போயிடணும்னு நெனைக்கிறியா?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இழை அறுந்துக்கினே இருந்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்ற பெரிய கேள்வி இருந்தது. கொல்லைப்புற ஜன்னலைப் பார்த்து அதன் முதுகைத் திருப்பி வைத்தோம்.

சனிக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடியது. அத்தை தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தறி சும்மா இருக்கும்போது அது எப்போதுமே ஓடும்தானே. அப்பா உட்கார்ந்து நெய்யும்போது ஓடினால்தான் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். இதை அப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் ம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாமா, அவருடைய அப்பா அம்மா என்று மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தட்டில் பூவும் பழமும் லட்டுவும் இருந்தன. அத்தை திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனாள்.

எங்கள் அப்பா கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் வந்தால்கூடத் தறிக்குழியிலிருந்து எழுந்து நின்று வாங்க என்பார். அன்று அவர் காலையிலிருந்து தறிப் பக்கமே போகவில்லை, வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் உள்ளே வந்து நாற்காலிகளைக் காட்டினார்.

"வாங்க, உக்காருங்க. அவ வேலையா இருக்குறா. எனக்கும் வேலை இருக்குது."

அப்படிச் சொல்லிவிட்டு, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தார். துண்டு தோளிலேயே இருந்தது. அம்மா காபி கலக்கப் போகாமல் நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டு அப்பா கடைசிச் சோதனை செய்கிறார். பெருமையில் எனக்கு மூச்சே முட்டியது. ஓடிப்போய் அத்தையின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். அத்தை மெல்ல மறுபடி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். மாமாவின் அம்மா ஏதோ பேசினார். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாமா எழுந்து தறி அருகே வந்தார். அப்பா தலை நிமிரவில்லை, இன்னும் வேகமாக மிதித்தார். அந்த வேகத்துக்குக்கூட அணையவில்லை.

"பாத்தீங்களா மாமா, அப்பா நெய்றப்பவும் நிக்கல" என்று நான் மாமாவிடம் சொன்னேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டும் அவர் சிரிக்கவில்லை.

அவர்கள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லட்டு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆட்டோ கிளம்பிய பிறகும் அப்பா நிறுத்தவில்லை. சோதனைதான் முடிந்துவிட்டதே, எழுந்திருக்கலாமே என்று அவர் அருகே போய்ச் சொன்னேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, நெய்துகொண்டே இருந்தார். திரும்பி வந்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல், கை மட்டும் மவுஸை விடாமல் அழுதாள். எங்காவது ஒரு கட்டத்தைத் தப்பாகப் போட்டுவிட்டாளோ என்று பயந்து, திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்து அன்னப்பட்சியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.