கருடனைப் பார்க்காமல் கிளம்பமாட்டாள்

பறவை பார்ப்பதற்காக நான் இந்த நாட்டில் சுற்றாத திசை இல்லை. இமயமலைக் குளிரில் விறைத்திருக்கிறேன், அசாம் காட்டில் அட்டைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன், ராஜஸ்தான் மணலில் ஷூவோடு புதைந்திருக்கிறேன். எல்லாம் தனியாகத்தான். என் மனைவி ஸ்ரீரங்கத்தை விட்டு அசையமாட்டாள். காக்காய் குருவி பார்க்க யாராவது டிக்கெட் எடுத்துப் போவார்களா என்பது அவள் கட்சி. அபூர்வமாக ஒரு பறவை கண்ணில் பட்டதும், பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆள் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

போன மார்கழியில், கட்ச் உப்பு வெளியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும் வீடியோ ஒன்றைக் காட்டினேன். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல அந்த இளஞ்சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, தானும் வருவதாகச் சொன்னாள். மனசு மாறிவிடப் போகிறதே என்று அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

கிளம்பும் நாள் காலையில் புது வில்லங்கம். இவ்வளவு தூரம் போகிறோம், கருடனைச் சேவித்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறுவேன் என்றாள். வீட்டைப் பூட்டி, பையும் கையுமாக மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் ஊரில் இது புதிதல்ல. வானத்தில் கருடன் வட்டமிட்டால் ஸ்கூட்டரை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கொள்ளிடக் கரையில் கருடனுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் தேடுகிற அன்றைக்குத்தானே அது லீவு போடும். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருவரும் அண்ணாந்து நின்றோம். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இவள் வராமலே போய்விடுவாளோ என்று நான் பைனாகுலரை எடுத்து வானத்தைத் துழாவினேன்.

அப்போது தென்னைகளுக்கு மேலே ஒன்று வட்டமிட்டது. அவள் கைகூப்பி, பெருமாளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பையைத் தூக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் போயிருக்க வேண்டும். பறவைக்காரன் புத்தி விடுமா? பைனாகுலரை இறக்காமலே சொன்னேன்.

"அது கருடன் இல்ல. சாதாரணப் பருந்து. வால் பிளந்திருக்கு பாரு. கருடனுக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளையா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவள் பையைக் கீழே வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"தினம் விடிஞ்சா இந்த மாடியில நின்னு கருடனைச் சேவிக்கிறவ நான். எனக்குத் தெரியாதாங்க?" என்றாள். "ரயிலுக்கு நேரமாச்சேன்னுதான் இதைக் கும்பிட்டேன்."

எந்தக் காட்டிலும் எந்தப் பறவையும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. அவள் முன்னால் இறங்கிப் போக, பையை எடுப்பதற்கு முன் அந்தப் பருந்துக்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.