முக்குளிப்பான் கூட்டில் சிவப்பு நூல்

பூஜைப் பூவைக் குப்பையில் போடக்கூடாது. கால்படாத இடத்தில், முடிந்தால் தண்ணீரில் போடவேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம். ராஜா அண்ணாமலைபுரத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் எங்கள் தெருக்கோடியில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த இடத்தைத் தோண்டி, பறவைகளுக்கென்று ஒரு சதுப்பு நிலத்தை உண்டாக்கியபோது எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமைதோறும் வாடிய பூச்சரத்தை எடுத்துப்போய் வேலிக்கு மேலாகத் தண்ணீரில் போட்டுவிட்டு வருவேன். பிளாஸ்டிக் பையோடு வீசுகிற ரகம் இல்லை நான். பூவை மட்டும் உதறிவிட்டுப் பையை மடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சனிக்கிழமை காலைகளில் உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன்.

"கொக்கைப் பாக்கக்கூட க்யூவா?" என்றார் என் கணவர்.

"நீங்க ஆத்துலயே பேப்பர் படிச்சுண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் எட்டுப் பேர். வழிகாட்டி முப்பது வயதிருக்கும் ஒரு பெண். தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். "எனக்கு நொச்சிக்குப்பம். எங்கம்மா ரோட்டாண்ட மீன் விக்குது, நான் இங்க பறவை பாத்துக்கினு கீறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நாமக்கோழி, கூழைக்கடா என்று காட்டிக்கொண்டே வந்தவள், நாணல் ஓரமாக வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அதோ, தண்ணி மேல மெதக்குது பாருங்க, முக்குளிப்பான் கூடு. இங்க மொதமொதல்ல முட்டை வெச்சது இதுதான். ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். நேத்து மூணு குஞ்சு பொரிச்சுது."

தாய் நீந்திக்கொண்டிருந்தது. அதன் முதுகில் இரண்டு குஞ்சுகள். மூன்றாவது கூட்டு விளிம்பிலேயே சிறகை அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, கால்ல இன்னாவோ மாட்டிக்கினு கீது" என்று பைனாகுலரை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். குஞ்சின் காலில் சிவப்பு நூல். நூலில் காய்ந்த அரளி. வாழைநார் சட்டென்று அறுந்துவிடுகிறதென்று, தையல் மிஷினை விற்றபின் மீந்துபோன சிவப்பு நூல்கண்டில்தான் நான் பூக்கட்டுகிறேன். இந்தப் பேட்டையிலேயே அப்படிக் கட்டுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூடு கட்ட அள்ளிய தழையோடு என் சரமும் போயிருக்கிறது.

"எல்லாம் குப்பத்து ஜனங்க வேலைங்க. கண்டதைக் கொண்டாந்து கொட்டுவாங்க, திருந்தவே மாட்டாங்க" என்றார் ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர்.

அந்தப் பெண் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கம், வேறென்ன? புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, மீன்வலையில் சிக்கு எடுத்துப் பழகிய விரல்களால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசி முடிச்சு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். குஞ்சு தண்ணீரில் விழுந்து, தாயின் முதுகில் ஏறப் பார்த்து, இரண்டு தரம் சறுக்கி, மூன்றாம் தரம் ஏறிவிட்டது.

நூல் கையிலிருக்க அவள் கரையேறினாள். ஆழ்வார்பேட்டைக்காரர் செல்போனை எடுத்தார். "காட்டும்மா, போட்டோ எடுத்துப் புகார் கொடுப்போம். குப்பத்துக்குள்ள யாருன்னு விசாரிக்கட்டும்."

"சார், செத்த வாயை மூடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே நாராசமாகக் கேட்டது. "குப்பத்துலேர்ந்து யாரும் போடலை. அது நான் போட்டது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பெண் பேன்ட் நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தெரியும்மா. வெள்ளிக்கெழம வேலியாண்ட வருவீங்களே, பாத்துக்கீறேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? அவர் உன் ஊரையே சொன்னாரே!"

"சாமிப் பூவாச்சே, எப்டி வேணாம்ன்றதுன்னு உட்டுட்டேன். நான்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்."

நூலுக்காகக் கையை நீட்டினேன். "வேணாம்மா, சேறா கீது" என்று தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.