அக்காவின் தவறான கணிப்புகள்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அக்கா வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை "அவ இல்ல" என்பதுதான். கையில் தேநீர்த் தட்டு இருந்தது. கோப்பைகளில் ஒன்றுகூட ஆடவில்லை. கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, டிவிக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் நடுவே நின்றுகொண்டு அதைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சன்னலுக்கு வெளியே நின்று நாடகம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வரைக்கும் அது கேட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலா கங்சார் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா மரக்கடை ஒன்றில் லாரி ஓட்டினார். அக்காவும் நானும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தோம். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். எங்கள் இருவர் சம்பளத்திலும் வாங்கியதுதான் அந்த டிவி. வரிசையில் பாதி வீடுகளில் அப்போது டிவி கிடையாது. அதனால் வாரம் ஒருமுறை தமிழ் நாடகம் வரும் நாளில் எங்கள் கூடத்தில் உட்கார இடம் இருக்காது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வருடம் ஓடிய தொடரின் பெயரை யாரும் சொல்லமாட்டோம், கொலை நாடகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் பால் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பாலில் விஷம். வீட்டில் இருந்தவர்கள் இரண்டாம் மனைவி, தம்பி, கணக்குப்பிள்ளை, பிறகு தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண். ஒவ்வொரு வாரமும் ஒருவர் மறைத்த விஷயம் ஒன்று வெளியே வரும். நாடகம் முடிந்தபின் எங்கள் வீட்டில் இன்னொரு நாடகம் தொடங்கும். யாருக்குச் சொத்து வரும், யார் யாரை முறைத்தார்கள், கணக்குப்பிள்ளை ஏன் சட்டை மாற்றினான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு தனி வழி இருந்தது. எல்லோரும் யாரைக் கைகாட்டுகிறார்களோ அந்த ஆளை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவாள். "அந்த ஆள வுட்டுட்டு மத்தவங்கள பாருங்கலா," என்பாள். முந்தைய தொடர்களிலும் அந்த வழியில் போய் அவள் ஒருமுறைகூடச் சரியான குற்றவாளியைக் கண்டுபிடித்ததில்லை. நாங்கள் சிரிப்போம். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வாரம் அதையே செய்வாள்.

மாப்பிள்ளை வீடு பத்து காஜா. மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் சார்ஜனாக இருந்து பென்ஷன் வாங்கியவர். சொந்த வீடு, மோரிஸ் கார், மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீஸில் வேலை. எங்களுக்கு இதைவிடப் பெரிய இடம் வராது என்று கல்யாணத் தரகர் அப்பாவிடம் பலமுறை சொல்லியிருந்தார். அப்பாவும் நம்பினார். மாலையில் வரவேண்டியவர்கள் வழியில் கார் நின்றுபோய் விளக்கு வைத்தபிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அப்பா பாய் விரித்து, நாற்காலி போட்டு, டிவியின் மரக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். சார்ஜன் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு அந்தக் கொலை நாடகம் இருக்குலா? தெறங்க, தெறங்க. நானும் விடாம பாக்குறேன்."

அதன்பிறகு யார் பெண் பார்க்க வந்தது, யார் நாடகம் பார்க்க வந்தது என்று சொல்லமுடியவில்லை. சன்னலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அன்று கடைசிக்கு முந்திய வாரம். சம்பவம் நடந்த நேரத்தில் குசினியில் சமைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்ன வேலைக்காரப் பெண் உண்மையில் அங்கே இல்லை என்று தெரிந்துவிட்டது. பின்கேட்டில் நின்று தன் தம்பிக்கு ஒரு பொட்டலம் சோறு கொடுத்துக்கொண்டிருந்தாளாம். சார்ஜன் தொடையைத் தட்டினார்.

"முடிஞ்சிச்சு. இவதான். நான் எத்தன கேஸ் பாத்திருக்கேன். மொதல்ல யாரு பொய் சொல்றான்னு பாக்கணும். தோட்டத்துலேர்ந்து வந்த புள்ள. பசி தெரிஞ்ச கை சும்மா இருக்காது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நாங்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லாமல் போயிருக்கலாம். அதுதான் எனக்குச் சுட்டது. அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்திருக்கிறாள்.

"அவ இல்ல," என்றாள்.

சார்ஜன் சிரித்தார். "அப்ப யாரும்மா?"

"யாருன்னு தெரியல சார். ஆனா அவ பொய் சொன்னது கொலைய மறைக்க இல்ல. சோறு கொடுத்தது தெரிஞ்சா வேல போயிரும்னு. அந்த பயம் வேற, இந்த பயம் வேற. பொய் சொன்னவங்க எல்லாம் கொலகாரங்கன்னா அந்த வூட்டுல ஒரு ஆள் மிஞ்சமாட்டாங்க."

"சம்பா, தண்ணி எடுத்து வந்து கொடு," என்று அப்பா அவசரமாக என்னிடம் சொன்னார். என் பெயர் அதுவல்ல. பதற்றத்தில் செத்துப்போன தன் தங்கை பெயரைச் சொல்லிவிட்டார்.

அக்கா நிறுத்தவில்லை. "எங்கம்மாவும் துரை பங்களாவுல வேல செஞ்சவங்கதான் சார். அவங்க கையும் பசி தெரிஞ்ச கைதான்." பிறகுதான் தட்டை நீட்டினாள். சார்ஜன் கோப்பையை எடுத்தார், குடிக்கவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடியே இருந்தார். நாடகம் முடிவதற்கு முன்பே அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அக்கா எதை மனதில் வைத்துப் பேசினாள் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் குசினி வேலை செய்தார். ஒருநாள் துரையம்மாவின் மோதிரம் காணாமல் போனது. துணி துவைக்கும் இடத்தில்தான் இருந்தேன் என்றார் அம்மா. அந்த நேரத்தில் அங்கே ஆளில்லை என்று தோட்டக்காரன் சொல்லிவிட்டான். பின்பக்கப் படிக்கட்டின் கீழே அம்மாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அக்கா அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போனாய் என்று எத்தனை தடவை கேட்டும் அம்மா சொல்லவில்லை. சில நாள் கழித்து மோதிரம் கார் இருக்கையின் இடுக்கில் கிடைத்தது. அதற்குள் அம்மாவை ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மர வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மோதிரம் கிடைத்த செய்தியைக்கூட வேறு யாரோதான் வந்து சொன்னார்கள். திருடவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தபிறகும், அப்படியானால் எங்கே போனாள் என்ற கேள்வி லயத்தில் வெகுகாலம் சுற்றியது. அப்பா அதைக் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே வீட்டில் ஒரு பொருளைப்போல இருந்தது.

அடுத்த வாரம் கடைசிப் பகுதி. கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. கொலை செய்தது வேலைக்காரப் பெண்தான். முதலாளியின் தம்பி அவளுக்குக் கல்யாண ஆசை காட்டி விஷத்தைக் கொடுத்திருந்தான். அவள் கையால்தான் பாலில் கலந்தது. சன்னலில் இருந்து ஒரு கெக்கலிப்பு எழுந்தது. "சார்ஜன் சொன்னதுதான் சரி," என்றார் ஒருவர். "இதுக்காகவா மாப்பிள்ளையக் கெடுத்துக்கிட்டே?" என்றார் இன்னொருவர். அக்கா எழுந்து டிவியை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நாடகத்துல அவதான் செஞ்சா. எழுதுனவரு அப்படி எழுதிட்டாரு. எங்கம்மா செய்யல."

ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

சில நாள் கழித்து தரகர் வந்தார். நல்ல செய்தி என்றார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். சார்ஜனும் பெரிய மனசுக்காரராம். "நாடகமும் முடிஞ்சிச்சு, அவர் சொன்னதுதான் சரின்னும் ஆயிருச்சு. பாப்பா ஒரு நாள் பத்து காஜாவுக்கு வந்து, தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் அண்ணே. தேதி குறிச்சிரலாம்."

அப்பா அக்காவைப் பார்த்தார். "ஒரு வார்த்ததானேமா," என்றார். கெஞ்சலாக இருந்தது அந்தக் குரல். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. மூத்த மகளை நல்ல வீட்டில் கொடுக்கவேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்டதில்லை.

"தப்பா கண்டுபுடிச்சேன்னு சொல்றேன்ப்பா. எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். தப்பா பேசினேன்னு சொல்லமாட்டேன்."

தரகர் அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

அம்மா தரகர்களிடம் பேசுகிறவர் இல்லை. வீட்டுக்கு வந்த ஆண்களிடம் அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அன்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, பங்களாவுல மோதிரம் தொலைஞ்ச அன்னிக்கு நான் புள்ளைங்கள வுட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகைக்குப் போயிருந்தேன். இந்தச் சின்னவ பால் குடிக்காம அழுவுறான்னு ஆயா ஆளனுப்பிச்சா. வேல நேரத்துல பங்களாவ வுட்டுப் போவக்கூடாது. சொல்லியிருந்தா என் வேலயும் போயிருக்கும், ஆயா வேலயும் போயிருக்கும். என் வேல எப்படியும் போச்சு. ஆயா வேல தப்பிச்சிச்சு. அதுக்காவ நான் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கல. என் மவளும் கேக்கமாட்டா. போய்ச் சொல்லிருங்க."

எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. அம்மா அத்தனை காலம் வாயைத் திறக்காமல் சுமந்தது எனக்குக் கொடுத்த பாலை என்று அன்றுதான் தெரிந்தது. அப்பா எழுந்துபோய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு தரகரைப் பார்த்து, "அப்படியே சொல்லிருங்க தம்பி," என்றார். தரகர் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு பரவியது. வந்த ஓரிரண்டு இடங்களும் நின்றுபோயின. முப்பதைத் தாண்டியபிறகு, தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்க வந்த ஒருவரை அவளே பேசி முடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தானுக்கும் துப்பறியும் நாடகம் பிடிக்கும். அவர் சரியாகச் சொல்வார். இருவரும் சண்டை போடுவார்கள்.

போன வருடம் என் மகன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது மருமகளின் தங்க வளையல் ஒன்றைக் காணவில்லை. எல்லோர் கண்ணும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இந்தோனேசிய வேலைக்காரப் பெண் பக்கம் திரும்பியது. "அந்தப் பொண்ணு பைய மட்டும் ஒரு தடவ பாத்துட்டா நல்லது," என்றார் சம்பந்தி மெதுவாக. அக்காவுக்கு இப்போது முட்டி வலி, எழுந்திருக்க ஆள் பிடிக்கவேண்டும். அன்று யாரையும் பிடிக்கவில்லை. மேசையைப் பிடித்து எழுந்து, தன் கைப்பையைத் திறந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். கண்ணாடிக்கூடு, மாத்திரை அட்டைகள், தைலப் புட்டி, ஒரு சீப்பு, சில்லறை எல்லாம் இலைகளுக்கு நடுவே உருண்டன.

"மொதல்ல என்னுது. அடுத்தது யாருது?"

நான் என் பையை எடுத்துவந்து பக்கத்திலேயே கொட்டினேன். மருமகள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் தன் பையைக் கொண்டுவந்தாள். சம்பந்தி மட்டும் தன் பையை மடியில் அணைத்துக்கொண்டு, போதும் போதும், சாப்பிடுங்கள் என்றார்.

வளையல் கிடைத்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணின் பையை மட்டும் யாரும் திறக்கவில்லை.