ஈரத் துண்டுக் கேள்வி

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்தது வினாத்தாள் வேலை. ஏழாம் வகுப்பு அறிவியல். அம்மா வெங்காயம் உரித்தபடி கேள்விகளைச் சொல்ல, மென்பொருள் எழுதும் மகள் மடிக்கணினியில் தட்டினாள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அதன் படியைக் குறிக்க வேண்டும். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல் என்று மேலே போகும் ஆறு படிகள்.

"ஆறு படியாம். என் பசங்க ரெண்டாவதுலயே காலை நீட்டி உக்காந்துக்கறாங்க" என்றாள் அம்மா.

வீட்டிலும் அவள் டீச்சர்தான். காபி ஆறிப்போச்சு என்றால் "ஏன் ஆறுச்சு?" என்பாள்.

"நிழல்ல போட்ட ஈரத் துண்டு ஏன் காயுது? இது எந்தப் படிம்மா?" என்றாள் மகள், அடுத்த கேள்வியைத் தட்டிவிட்டு.

"அதைக் காலியா விடு."

"ஒரு கேள்விக்கு ஒரு படிதானே?"

"அடி மக்கு இன்ஜினியரே. நான் வகுப்புல சொல்லிக் குடுத்துட்டா அது வெறும் ஞாபகம். சொல்லாம விட்டா அவங்களே யோசிக்கணும், அது பகுத்தாய்தல். கேள்வி அதேதான்."

"அப்ப சொல்லப் போறியா, இல்லையா?"

"பாக்கலாம்."

அந்த வாரமே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த தலைமையாசிரியர் எழும்போது தயங்கினார். "டீச்சரோட பேப்பரை அப்படியே வைக்கணும்னு ஆசை. அந்த ஒரு கேள்விக்குப் படி போடலைன்னா மேல இருக்கறவங்க எடுத்துடுவாங்கம்மா."

எடுக்கவிட மகளுக்கு மனமில்லை. அம்மா அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டாளா என்று அறிய அவளுடைய பள்ளிப் பையைத் துழாவினாள். அடியில் ஒரு பழைய துண்டு, மடித்தபடி. காய்ந்திருந்தது. நனைத்துக் காட்டிய பிறகு காய்ந்ததா, நனைக்கவே இல்லையா? முகர்ந்தாள். வீட்டு சோப்பு வாசனை, அவ்வளவுதான்.

மறுநாள் துண்டோடு பள்ளிக்குப் போய் வகுப்பிலேயே கேட்டாள்.

"ஈரத் துணி நிழல்ல ஏன் காயுதுன்னு டீச்சர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றது ஒரு பக்கம்.

"டேய், அவங்க சொன்னது உப்புத்தண்ணி காயறதைப் பத்திடா, துணி இல்ல" என்றது மறுபக்கம்.

முன்பெஞ்சுச் சிறுமி துண்டையே பார்த்தாள். "அடுத்த கிளாஸ்ல நனைச்சுக் காட்டுறேன்னாங்கக்கா. நீங்க காட்டப் போறீங்களா?"

காட்டாவிட்டால் கேள்வி மேல்படியில் நிற்கும். காட்டினால் அம்மா விட்டுப்போன வேலை முடியும், ஆனால் கேள்வி முதல் படிக்கு இறங்கிவிடும். தன்னிடம் 'பாக்கலாம்' என்றவள் இவர்களிடம் ஏன் 'காட்டுறேன்' என்றாள்?

வகுப்பு வாசலில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு இன்னும் காய்ந்தே இருந்தது.