ருக்சார் நிறுவிய பழைய பதிப்பு

சிந்தாதிரிப்பேட்டை ருக்சார் கணினி பழுதுபார்க்கப் போகாத தெரு மயிலாப்பூரில் குறைவு. வயது முப்பத்தாறு. பிரிண்டருக்கு மை நிரப்பும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மூலையில் கிடந்த பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் போட்டே தொழில் கற்றவள். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. அதனால்தான் போன மார்ச்சில் ஒரு பகல் முழுக்க வேம்பு வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

வேம்பு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைரஸ் தொல்லை தாங்காமல் அவர் கணினியை லினக்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது ருக்சார்தான். அதில் ஒரு சிக்கல் வந்தது. திருவான்மியூரில் இருக்கும் நண்பர் ராஜகோபாலனின் கணினியில் எது கெட்டாலும், வேம்பு மயிலாப்பூரிலிருந்தே ஒரு மென்பொருள் வழியாக அந்தத் திரையைத் திறந்து சரிசெய்வார். பத்து வருடப் பழக்கம். ஒரு மாதமாக அது நடக்கவில்லை.

"ஆத்துல உக்காந்துண்டே பாத்துடுவேன். இப்போ அந்த சாஃப்ட்வேர்ல புதுசைப் போட்டா, அந்தப் பக்கம் ரொம்பப் பழசுன்னு வெட்டிவிட்டுடறது. அவன் மெஷின்லயோ புதுசு ஏறாது. பழசையே இதுல போட்டுக் குடும்மா" என்றார்.

"போட்டுடலாம் மாமா" என்று பத்து மணிக்கு உட்கார்ந்தாள் ருக்சார். பழைய பதிப்பைத் தேடி எடுத்து நிறுவப் போனால், துணைக் கோப்பு ஒன்று இல்லை என்றது லினக்ஸ். அதைக் கொண்டுவந்து போட்டாள். அதற்கு இன்னொன்று வேண்டுமாம். அந்த இன்னொன்றுக்கு வேறு இரண்டு.

"இன்னா மாமா இது, ஒருத்தரைக் கூப்ட்டா குடும்பத்தோட வருது."

"வரட்டும், சாதம் நிறைய இருக்கு" என்று உள்ளே போன வேம்பு, அவளுக்குத் தயிர்சாதம் கொண்டுவந்தார்.

கடைசிக் கோப்பு இப்போதைய லினக்ஸில் கிடையாது. பழையவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தளத்தில் அதைப் பிடிக்கும்போது மணி மூன்று. உள்ளே நுழைய ராஜகோபாலனின் திரையில் தெரியும் எண் வேண்டும்; அதை அவர் தொலைபேசியில் படித்தார். கண்ணாடி போடாமல் எட்டை மூன்று என்று படித்ததில் இரண்டு முறை தவறிப்போனது.

"இது இன்னிக்கு ஆகாதுடா. நான் புஸ்தகம் எழுதிண்டிருக்கேன், இருநூறு பக்கம் தாண்டியாச்சு" என்று வைத்துவிட்டார்.

ருக்சார் மூன்றை எட்டாக்கிப் பார்த்தாள். ராஜகோபாலனின் திரை வந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்றின் உச்சியில் 'முன்னுரை' என்ற சொல் மட்டும் இருந்தது. அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு சீட்டாட்டம். சிவப்பு ஒன்பது ஒன்று எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது.

வேம்பு அவளிடமிருந்து மௌஸை வாங்கி, ஒன்பதைக் கறுப்புப் பத்தின் மேல் வைத்தார். உடனே தொலைபேசி அடித்தது.

"டேய், என் மௌஸ் தானா நகர்றதுடா."

"இருநூத்தி ஓராவது பக்கம். நான் எழுதிண்டிருக்கேன்."

மறுமுனையில் "சரி, அந்த ராணியை எங்க வெக்கறது, அதையும் சொல்லு" என்று கேட்டது.

ருக்சார் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த அப்டேட்டில் பழைய பதிப்பு அடித்துக்கொண்டு போகாதபடி அதைப் பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

லஸ் முனை தாண்டும்போது புதிய எண்ணிலிருந்து அழைப்பு. வண்டியை ஓரம் கட்டினாள்.

"ராஜகோபாலன் பேசறேம்மா. வேம்பு என் மெஷினுக்குள்ள வரச்சே இங்க மணி அடிக்கற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

"நாளைக்கு வரேன் சார். வூடு எங்க கீது?"

அவர் மருந்தீஸ்வரர் கோயில் வாசலிலிருந்து பொறுமையாக வழி சொல்லத் தொடங்கினார்.