ஆடு வந்துருச்சு

இன்று ஆர்.எஸ்.மங்கலம் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அறுப்பு முடிந்த வயலில் யாரோ அரிதாளைக் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையை மறைக்கவே, ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அரிதாள் தீதானண்ணே, ஒரே அமுக்கா அமுக்கிப் போங்க" என்றார் பின்னால் ஒருவர்.

"ஏலே, நீ எறங்கி முன்னால நட, நான் பின்னாலயே வாரேன்" என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மா, என் பழைய மாணவி ஒருத்தியின் தாய், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் அரிதாள் தீதானேன்னுதான் சொன்னாக டீச்சர். காத்து திரும்பி வைக்கோல் படப்புல பிடிச்சிருச்சு. கொட்டகையில கெடந்த ஆட்டை அவுத்துவிட்டுட்டு வாரேன்னு போனாக."

"அப்புறம்?"

"ஆடு வந்துருச்சு."

புகை முழுவதும் கலையும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

தீயின் வேகத்துக்கு வகுப்பில் குதிரையை உதாரணம் சொல்வேன். குதிரை பாய்ந்து வந்தால் நாம் ஒதுங்கிவிடுவோம். தீயோ, ஒரு முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்கிறது என்று நம்பவைத்துவிடுகிறது.

என்னிடம் ஆடு இல்லை. ஆனாலும் மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திரும்பி ஓடுவேன் என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் எதற்காகத் திரும்புவீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.